இரண்டு தகப்பன்களுக்கு நடுவே

பழுக்கக் காய்ந்த கல்லை உடம்பில் வைத்துக்கொண்டு முகம் சுளிக்காமல் நிற்க வேண்டும். உறையும் குளிரில் ஆற்றுக்குள் உட்கார வேண்டும். கரையில் புகைபிடித்துக்கொண்டிருக்கும் தகப்பன் வரச் சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. அப்படி வளர்ந்த பையன், பதினைந்து வயதில் ஒரு செய்தியைக் கேட்டு நிலைகுலைந்துபோகிறான். அவனைப் பெற்றவர்களிடமே திருப்பி அனுப்பப்போகிறார்களாம்.

கான்ராட் ரிக்டர் 1953-இல் எழுதிய ‘தி லைட் இன் தி ஃபாரஸ்ட்’ இப்படித்தான் தொடங்குகிறது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகப் படித்துவரும் நாவல் இது. 1958-இல் டிஸ்னி நிறுவனம் இதைப் படமாகவும் எடுத்தது.

இதுவும் அமெரிக்க எல்லைப்புறக் கதைதான். வன்மேற்குக் கதை என்றதும் சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் குதிரையில் பறக்கும் பாலைவனங்கள் அவை. ரிக்டரின் எல்லைப்புறம் அதற்கு நூறு ஆண்டு மூத்தது. அமெரிக்கா என்ற நாடே அப்போது பிறந்திருக்கவில்லை. கிழக்கே பென்சில்வேனியாவின் வெள்ளையர் பண்ணைகள், மேற்கே ஒஹாயோவின் பெருங்காடு, இடையில் மலைத்தொடர். பண்ணை வீட்டில் பிறந்து, நாலு வயதில் லெனாபே பழங்குடியினரால் தூக்கிச் செல்லப்பட்டவன்தான் இந்தப் பையன். நோயில் மகனைப் பறிகொடுத்த கூய்லோகா அவனைத் தன் பிள்ளையாக்கி, ‘ட்ரூ சன்’ என்று பெயரிடுகிறான். உண்மையான மகன் என்று அந்தத் தகப்பன் மனதார வைத்த பெயர்.

கதைக்கு அடியில் கிடப்பது நடந்த வரலாறு. 1764 அக்டோபரில் கர்னல் ஹென்றி பூக்கே, பிட் கோட்டையிலிருந்து சுமார் 1,500 பேர் கொண்ட படையோடு மஸ்கிங்கம் ஆற்றுப் பகுதிக்குப் போனார். பழங்குடியினர் பிடித்துவைத்திருக்கும் வெள்ளையர் அத்தனை பேரையும் ஒப்படைத்தால்தான் சமாதானம் என்றார். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒப்படைக்கப்பட்டார்கள். அந்தக் காட்சியை வில்லியம் ஸ்மித் என்பவர் மறு ஆண்டே எழுதி வெளியிட்டார். வளர்த்த பிள்ளைகளைக் கொடுக்க வந்தவர்கள் அழுதார்கள். ஷானி பழங்குடியினர் தங்களிடம் இருந்த வெள்ளையர் சிலரைக் கட்டித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. மீட்கப்பட்ட பெண்களில் சிலர் பிறகு தப்பி, பழைய இடத்துக்கே ஓடிவிட்டார்கள். மீட்பு என்று படை சொன்னது, மீட்கப்பட்டவர்கள் பலருக்கு இரண்டாவது கடத்தலாக இருந்திருக்கிறது. அந்த வலியைத்தான் ரிக்டர் ஒரு பையனின் உடம்புக்குள் கொண்டுவருகிறார். வழியிலேயே விஷக் கிழங்கைத் தின்று செத்துவிடலாம் என்று நினைக்கிறான். பெற்றவர்களின் வீட்டில் கட்டில் போட்டுக் கொடுத்தால் தரையில் படுக்கிறான். அந்த வீட்டில் அவனுக்குப் பிடித்துப்போகும் ஒரே ஜீவன், சின்னத் தம்பி கோர்டி.

பழங்குடியினரை வெறுப்பதில் பெருமைப்படும் ஒரு மாமன்காரரும் அங்கே இருக்கிறார். ‘பாக்ஸ்டன் பையன்கள்’ என்ற கும்பலைச் சேர்ந்தவர். இந்தக் கும்பலும் கற்பனை அல்ல. 1763 டிசம்பர் 14 அன்று கோனஸ்டோகா பழங்குடிக் குடியிருப்பில் ஆறு பேரை வெட்டிக் கொன்றவர்கள் அவர்கள். மிச்சமிருந்த 14 பேரை அரசு அதிகாரிகள் பாதுகாப்புக்காக லங்காஸ்டர் ஊரில் அடைத்து வைத்தார்கள். டிசம்பர் 27 அன்று கும்பல் அங்கேயும் புகுந்து, குழந்தைகள் உட்பட எல்லோரையும் கொன்றது. அண்டை அயலாரோடு சமாதானமாக வாழ்ந்துவந்த ஜனங்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கொதித்துப்போய் ஒரு துண்டுப் பிரசுரமே எழுதினார். ஆனாலும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு பழங்குடியினரைக் குற்றமே அற்றவர்களாகக் காட்டியிருக்கலாம். ரிக்டர் அந்தச் சுலபமான வழியில் போகவில்லை. பையன் தப்பித்துக் காட்டுக்கே திரும்புகிறான். அங்கே பழிவாங்கப் புறப்படும் கூட்டத்தோடு சேர்கிறான். கொல்லப்பட்டவர்களிடமிருந்து அவர்கள் அறுத்துக் கொண்டுவரும் உச்சந்தலை முடிகளில் ஒன்று ஒரு குழந்தையுடையது. அவனுக்கு வயிற்றைப் பிசைகிறது. குழந்தைகளோடு நாம் சண்டை போடுவதில்லை என்றல்லவா அவன் வெள்ளையரிடம் வாதாடிக்கொண்டிருந்தான்!

நாவலின் உச்சம் அடுத்து வருகிறது. ஆற்றில் குடியேறிகளின் படகு ஒன்று வருகிறது. அதைக் கரைக்கு இழுக்க, வெள்ளைத் தோல் கொண்ட இவனைத் தூண்டில் இரையாகத் தண்ணீரில் இறக்குகிறார்கள். உதவி கேட்டுக் குரல் கொடுக்கிறான். படகு அவன் பக்கம் திரும்புகிறது. அதில் ஒரு சிறுவன், கோர்டியின் சாயலில். பையனால் தாங்க முடியவில்லை. பதுங்கியிருக்கிறார்கள், போய்விடுங்கள் என்று கத்திவிடுகிறான். படகு தப்புகிறது. அவனைக் கொல்ல வேண்டும் என்கிறது கூட்டம். கூய்லோகா குறுக்கே நின்று உயிரைக் காப்பாற்றுகிறான். அதோடு, நீ இனி என் மகன் இல்லை என்று சொல்லி வெள்ளையர் பாதையில் விட்டுவிட்டுப் போகிறான். சாகசக் கதையின் நாயகனுக்கு ஊரோ, புதையலோ, வெற்றியோ ஏதாவது ஒன்று கடைசியில் கிடைத்துவிடுவது வழக்கம். இவன் செய்த ஒரே நல்ல காரியம் அவனிடம் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறது. பதின்வயது வாசகரை நம்பி இப்படி ஒரு முடிவை எழுதத் தனித் துணிச்சல் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. லெனாபே வாழ்க்கை சில பக்கங்களில் அளவுக்கு மீறி அழகாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் கண் அது. அதனால் இந்த நூலைக் கொடுக்கும் ஆசிரியர்கள் லூயிஸ் எர்ட்ரிக்கின் ‘தி பர்ச்பார்க் ஹவுஸ்’ நூலையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. 1999-இல் வந்த அந்த நாவலை எழுதியவரே ஒஜிப்வே பழங்குடி வம்சத்தில் வந்தவர். 1847-இல் சுப்பீரியர் ஏரித் தீவு ஒன்றில் வாழும் ஒமகாயாஸ் என்ற சிறுமியின் கதை. அங்கே எல்லைப்புறம் என்பது யாரோ போய்ப் பிடிக்கும் இடம் அல்ல. பாட்டி இருக்கும் வீடு.

ட்ரூ சன்னுக்குக் கிடைக்காத வாழ்க்கை நிஜத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. சிறுமியாகப் பென்சில்வேனியாவில் பிடிபட்ட மேரி ஜெமிசனை செனகா பழங்குடியைச் சேர்ந்த இரண்டு சகோதரிகள், போரில் இறந்த தங்கள் சகோதரனுக்கு ஈடாகத் தத்தெடுத்தார்கள். திரும்பிப் போக வாய்ப்பு வந்தபோதும் அவர் போகவில்லை. அங்கேயே மணம் முடித்தார், பிள்ளைகள் பெற்றார். 1797-இல் செனகா நிலங்கள் கைமாறியபோது ஜெனசி ஆற்றங்கரையில் தனக்கென்று நிலம் கேட்டு வாங்கினார். முதிய வயதில் ஜேம்ஸ் சீவர் என்பவரிடம் தன் கதையைச் சொன்னார்; 1824-இல் புத்தகமாக வந்த அது இன்றும் அச்சில் இருக்கிறது. ரிக்டரின் நாவலைப் படித்து முடித்த கையோடு அதையும் படிக்கலாம்.