பின்பக்கத்தில் கிடந்த பாட்டு!

1965-ல் அமெரிக்கப் பாடகி குளோரியா ஜோன்ஸின் ‘டெய்ன்டட் லவ்’ பாட்டு, இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளிவந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

எழுபதுகளில் வட இங்கிலாந்து நடன அரங்குகளில் விடிய விடிய ஆடிய இளைஞர்கள், விற்காமல் போன இப்படிப்பட்ட தட்டுகளைத் தேடித்தேடி ஒலிக்கவிட்டார்கள். ‘நார்தர்ன் சோல்’ என்று அதற்குப் பெயர். குளோரியாவின் பாட்டு அங்கேதான் பிழைத்தது. 1976-ல் அவரே மறுபடி பாடினார். அப்போதும் ஹிட் ஆகவில்லை.

1981-ல் ‘சாஃப்ட் செல்’ இரட்டையர் வேகத்தைக் குறைத்து, கிடாருக்குப் பதில் சிந்தசைஸர் சேர்த்தார்கள். பிரிட்டனில் நம்பர் ஒன்!

குளோரியா பாடினால், கதவை அறைந்து சாத்திவிட்டு ஒரு பெண் வெளியேறுவது போலிருக்கும். மார்க் ஆல்மண்ட் பாடினால், போகவும் முடியாமல் வாசலிலேயே ஒருவர் நிற்பது போலிருக்கும். காதல் கசந்த கதை ஒன்றுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்... முதலில் குளோரியா!