ஆறைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால்...



வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், ஆறைப் பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். 'பூஜ்ஜியம்' என்று பட்டென்று பதில் வரும். அல்லது 'ஆறுதான், அப்படியே இருக்கும்' என்று வரும். யூடியூப் பார்த்து விவரம் தெரிந்துகொண்ட பிள்ளை 'இன்ஃபினிட்டி' என்னும். மூன்றுமே தவறு. தலையில் குட்டிவிடாதீர்கள், பெரிய பெரிய ஆட்கள் தடுக்கி விழுந்த இடம் இது.

பூஜ்ஜியத்துக்குக் கணக்கு விதிகள் வகுத்த பிரம்மகுப்தர், கி.பி. 628-இல், பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்று எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டின் மகாவீரர், பூஜ்ஜியத்தால் வகுத்தாலும் எண் மாறாது என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் அதை முடிவில்லாத அளவு என்று சொல்லி, எதைச் சேர்த்தாலும் எடுத்தாலும் மாறாத திருமாலோடு ஒப்பிட்டார். உங்கள் பிள்ளைக்கு வாய்த்த துணை லேசுப்பட்டதல்ல.

நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஆறு லட்டை யாருமே இல்லாத அறையில் பங்கு போடச் சொல்கிறோம். 'யாரும் இல்லையென்றால் ஆறும் தட்டிலேயே இருக்குமே' என்கிறது பிள்ளை. நியாயம்தானே! பங்கு போடும் கதை மகாவீரரிடம்தான் கொண்டுபோய் விடும். என்னைக் கேட்டால், லட்டை அவர்களுக்கே கொடுத்துவிட்டு, பென்சிலை எடுக்கச் சொல்லலாம்.

வகுத்தல் என்பது திரும்பத் திரும்பக் கழிப்பது. ஆறிலிருந்து இரண்டிரண்டாகக் கழித்தால் மூன்று தடவையில் தீர்ந்துவிடும், விடை மூன்று. இப்போது பூஜ்ஜியத்தைக் கழிக்கட்டும். ஆறு. இன்னொரு தடவை. ஆறு. நாலாவது வரியில் பிள்ளை நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். இப்படிக் கழித்தே வகுத்த பழைய மின்சாரக் கணக்கு இயந்திரங்களில் பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னால், நிறுத்தும்வரை சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

'அப்போ இன்ஃபினிட்டிதானே?' என்று கேட்டால் விடாதீர்கள், நல்ல கேள்வி. வகுத்தது சரியா என்று எப்படிச் சரிபார்ப்போம்? பெருக்கித்தான். ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று. மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு திரும்ப வருகிறது. அப்படியானால், பூஜ்ஜியத்தால் பெருக்கி ஆறு வரும் எண் எது? கோடியைப் போட்டாலும் பூஜ்ஜியம்தான். முடிவிலியையே பிடிவாதமாக அந்தக் கட்டத்தில் உட்கார வைத்தால், ஏழுக்கும் அதே விடையைத் தர வேண்டும். பெருக்கித் திரும்பும்போது ஆறும் ஏழும் ஒன்றாகிவிடும். அதோடு கணக்கே போயிற்று. ஆக, இது யாரோ போட்ட தடை இல்லை. விடையாக நிற்க ஓர் எண்ணும் இல்லை, அவ்வளவுதான்.

பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுப்பதில் சிக்கல் தலைகீழ். ஐந்து போட்டாலும் பொருந்தும், ஐந்நூறு போட்டாலும் பொருந்தும். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று சொன்ன ஆசிரியரிடம், 'பூஜ்ஜியத்தையுமா?' என்று சிறுவன் ராமானுஜன் கேட்டதாகக் கும்பகோணத்துக் கதை ஒன்று உண்டு.

பிள்ளைகள் வாய்பிளந்து கேட்கும் இன்னொரு சம்பவம்: 1997-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் யார்க்டவுனில் ஒருவர் கணினியில் பூஜ்ஜியத்தை உள்ளிட, அது அந்தப் பூஜ்ஜியத்தால் வகுக்கப் போய்த் தடுமாறி, இயக்கமே நின்றது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகக் கப்பல் நடுக்கடலில் அசையாமல் கிடந்தது.

உங்கள் வீட்டில் என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம். தவறான பதில்களுக்கே முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்