கொம்புக்கு வர்ணம் பூசின வண்டிகள்

காணும் பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி. செஞ்சி கூட்டு ரோட்டில் டீக்கடை வாசலில் ஒன்பது வண்டிகள். ரெண்டு புல்லட், ஒரு யெஸ்டி ரோட்கிங், ஒரு ராஜ்தூத், நாலு ஆர்எக்ஸ் 100, கடைசியாக எங்க மாமா ஒருத்தர் உருட்டிக்கொண்டு வந்த டிவிஎஸ் 50. பனி விலகவில்லை, ராஜகிரி உச்சி கண்ணுக்கே தெரியலை. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, காயலான் கடை எதனா தொறக்கப் போறீங்களா?"

எல்லாரும் சிரித்தோம். ஆனா அந்தக் கேள்வி ஒரு வாரமா மண்டையில் ஓடிக்கிட்டே இருக்கு. அதுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கூட்டமா வண்டி ஓட்ட வாய்க்கிற நாள் ரொம்பக் கொஞ்சம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் பனி, கழனியில் சம்பா. பங்குனி பிறந்துட்டா எட்டு மணிக்கே தார் ரோடு கொதிக்கும். தை நடுவிலிருந்து மாசி வரைக்கும்தான் கணக்கு, அதுவும் அறுப்பு மெஷின் நம்ம ஊருக்கு வராத ஞாயிறாப் பார்த்து. வெளிநாட்டில் இது தலைகீழ். அங்கே பனிக்காலம் முழுக்க வண்டியைக் கொட்டகையில் போட்டு மூடிவைத்து, வசந்தம் வந்ததும் எடுக்கிறார்கள். 2012-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஆரம்பித்த ஒரு ஓட்டம் இருக்கிறது, கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு பழைய மாடல் வண்டிகளில் ஊர்வலமாகப் போவார்கள், ஆண்களுக்கு வரும் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட. நல்ல காரியம். நம்ம நாட்டு நகரங்களிலும் நடத்துகிறார்கள். இப்போதெல்லாம் அதை மே மாசத்தில் வைக்கிறார்கள். கத்திரி வெயிலில் செஞ்சியில் கோட்டு போட்டுப் புல்லட் ஓட்டினால், நமக்கே ஒருத்தர் பணம் திரட்ட வேண்டியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் புல்லட் 1975 மாடல். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். புதுசா ஓட்டுறவன் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவான். உதைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. டீகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்பியர் முள் நடுவுக்கு வருகிற மாதிரி கிக்கரை மெதுவா இறக்கி, விட்டுவிட்டு ஒரே மிதி. அவசரப்பட்டா கிக்கர் திருப்பி அடிக்கும், கெண்டைக்கால் வீங்கிடும். மல்லாட்டை மூட்டை, உரம், பால் கேன், ஒரு முறை கன்னுக்குட்டி, என் தங்கச்சி பிரசவத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு செஞ்சி ஆஸ்பத்திரி வரை, எல்லாத்தையும் இந்த வண்டி இழுத்திருக்கு. இன்னைக்கும் வாரத்தில் நாலு நாள் கொல்லைக்குப் போகுது.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒருத்தர் வந்தார். வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு ஒரு விலை சொன்னார். போர்வெல் மோட்டாரைப் புதுசா மாத்தி, கேபிளும் பைப்பும் போட்டாலும் மீதி நிற்கிற விலை. "என்ன செய்வீங்க வாங்கி?" என்று கேட்டேன். "ரீஸ்டோர் பண்ணி, வின்டேஜ்னு பதிவு பண்ணி வெச்சுக்குவேன் சார். வருஷத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை எடுப்பேன்" என்றார். மரியாதையான மனுஷன், தப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

அந்த வின்டேஜ் பதிவு என்னன்னு விசாரித்தேன். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி. ஐம்பது வருஷம் தாண்டின, மாற்றியமைக்காத வண்டிக்குத் தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. இதில் ஒரு நிபந்தனை: கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இதுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாட வேலைக்கு எடுக்கக் கூடாது. அதாவது என் வண்டிக்கு அந்த மரியாதை வேணும்னா அது கொல்லைக்குப் போகக் கூடாது. வேணாம்னு பழைய பதிவையே வெச்சுக்கிட்டா, இருபது வருஷம் தாண்டின பைக்குக்குப் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட் முதல் 2,000 ரூபாய். 2022-க்கு முன்னால் இதே வேலைக்கு 300 ரூபாய்தான்.

புகை விடுகிற வண்டியைக் குறைக்கணும்கிறது நியாயம். நான் மறுக்கலை. ஆனா அரசாங்கத்துக் கணக்கில் பழைய வண்டி என்றால் ஒன்று காயலான் கடை, இல்லேன்னா கண்ணாடிப் பெட்டி. நடுவில், வேலை செய்துகிட்டே வயசான வண்டிக்கு ஒரு பேர் கிடையாது. எங்க ஞாயித்துக்கிழமை ஓட்டம் அந்த நடுவில் இருக்கிற வண்டிகளுக்காகத்தான் என்பது என் கட்சி.

மாட்டுப் பொங்கலை நினைச்சுப் பாருங்க. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டி விடுறோம். எதுக்கு? அழகுப் போட்டிக்கா? வருஷம் முழுக்க உழைச்ச மாட்டுக்கு ஒரு நாள். இந்த ஓட்டமும் அந்த மாதிரிதான். ஒரு மாசத்துக்கு முன்னாலேயே தேதி சொல்லிவிடுவோம். அதனால் மார்கழி முழுக்கப் பாய் கடையில் வேலை நடக்கும். வருஷம் பூரா "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்ட பிரேக் ஷூ, செயின், வயரிங் எல்லாம் அப்போதான் சரியாகும். கூட்டத்தில் நம்ம வண்டி மட்டும் நின்னுடக் கூடாதே என்கிற ரோஷம் ஒன்று இருக்கிறது பாருங்க, அது எந்த சர்வீஸ் புத்தகத்திலும் கிடையாது.

பாய்க்கு எழுபது வயசுக்கு மேல். புல்லட் சி.பி. பாயின்ட்டுக்கு இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். அவர் கேஜ் எடுத்து அளந்து நான் பார்த்ததில்லை, நகத்தால் தடவிச் சொல்வார். டைமிங் வைக்க, சிகரெட் தாளைப் பாயின்ட் நடுவில் செருகி இழுப்பார். தாள் வழுக்கி வெளியே வருகிற நொடிதான் பாயின்ட் திறக்கிற நொடி. அவர்கிட்ட இப்போ ஒரே ஒரு பையன்தான் தொழில் கத்துக்கிறான், அவனும் பாதி நாள் ஸ்கூட்டர் ஷோரூமுக்கு ஓடிவிடுகிறான். மார்கழியில் நாங்க கொண்டுபோய் நிறுத்துகிற வண்டிகள் இல்லேன்னா அந்தப் பையனுக்கு சி.பி. பாயின்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகும்.

இன்னொன்று, பழைய வண்டிக்குப் பெரிய எதிரி சும்மா நிற்பதுதான். இப்போ வருகிற பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். ஓடாத வண்டியில் டேங்க் அடியில் தண்ணி சேர்ந்து துரு பிடிக்கும், பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும், கார்புரேட்டர் அடைக்கும். எத்தனால் எங்கிருந்து வருது? கரும்பிலிருந்தும் சோளத்திலிருந்தும். நாம பயிர் வெச்சது நம்ம வண்டி ஹோஸையே தின்னுது, யார்கிட்ட போய்ச் சொல்ல.

அன்றைக்குப் போன வழி, விழுப்புரம் ரோட்டில் மண்டகப்பட்டு, அங்கிருந்து பனைமலை, திரும்பி அனந்தபுரம் வழியா ஊர். எங்க கூட்டத்தில் ஒரே விதிதான்: டிவிஎஸ் 50 முன்னால் போகும். மாமா நாற்பதுக்கு மேல் போகமாட்டார், அதனால் யாரும் போக முடியாது. ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிற பசங்களுக்கு இது சித்திரவதை. அந்த வண்டி பிறவியே பறக்கத்தான். 1985-லிருந்து 1996 வரை வந்தது, இன்னும் அந்தச் சத்தத்துக்கு மயங்காத பையன் இல்லை. ஆனாலும் அடங்கி வந்தார்கள். கோட்டையைப் பார்க்கச் சில பேர் விடியற்காலையில் சைலன்சரைக் கழட்டிவிட்டு ஊருக்குள் அலறவிட்டுக்கொண்டு வருகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் நம்ம கோட்டை சேர்ந்ததிலிருந்து இது கூடியிருக்கிற மாதிரி எனக்குத் தோணுது. கட்டியிருக்கிற மாடு அறுத்துக்கொண்டு ஓடுது. அவங்களும் கூட்டம்தான், நாங்களும் கூட்டம்தான், எங்களையும் சேர்த்துத்தானே ஊர் திட்டும்.

நம்ம பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ரோட்டில் நெல்லையும் உளுந்தையும் காயப்போடுவது நாமதான். அன்றைக்கு ஒரு வளைவில் உளுந்துச் செடி பரப்பியிருந்தது. புல்லட் பின் டயர் ஒரு சாண் வழுக்கியது. வயிறு கலங்கிப்போச்சு. போன வருஷம் அதே மாதிரி வளைவில் நானும் பரப்பினவன்தான், வாயைத் திறக்காமல் ஓட்டினேன்.

மண்டகப்பட்டு தாண்டி ராஜ்தூத்துக்கு கிளட்ச் கேபிள் அறுந்தது. நுனியில் இருக்கிற குமிழ் கழன்று போச்சு. அந்த ஊரில்தான் மகேந்திரவர்மன் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் கோயில் குடைந்தேன்னு ஏழாம் நூற்றாண்டில் கல்வெட்டு வைத்திருக்கிறான். எங்களுக்கோ ஒரு சுண்டுவிரல் அளவு உலோகம் இல்லாமல் ஒன்பது வண்டி நின்னுது.

ரோட்டோரம் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு தாத்தா வந்தார். பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஸ்டார்ட்டர் பெட்டியில் சும்மா கிடந்த பித்தளைக் கனெக்டர் ஒன்றை எடுத்து வந்தார். கேபிளை அதில் நுழைத்து ஸ்குரூவை முறுக்கினால் குமிழ் ஆச்சு. பத்து நிமிஷம்.

"எங்கிட்டயும் ராஜ்தூத் இருந்துச்சு. கெணத்து மோட்டாரு வாங்கத்தான் வித்தேன்" என்றார்.

அப்புறம் பேச்சு வளர்ந்தது. அவர் மருமகள் மல்லாட்டையை வேகவைத்து முறத்தில் கொண்டுவந்து கொட்டினாங்க. அந்தத் தண்ணி எத்தனை அடியில் கிடைக்குது, டிஎம்வி விதை எப்படி வந்தது, எலி எப்படின்னு முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. பனைமலைக்குப் போனப்போ வெயில் ஏறிவிட்டது, ராஜசிம்மன் கட்டின கோயிலில் அந்தப் பார்வதி ஓவியத்தை அவசரமா எட்டிப் பார்த்துட்டு இறங்கினோம். புது வண்டியில் போயிருந்தா ஓவியத்தை நிதானமாப் பார்த்திருப்போம், தாத்தாவைப் பார்த்திருக்க மாட்டோம்.

சென்னைக்காரர் பொங்கலுக்கு வாழ்த்து சொல்லி போன் செய்தார். வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனா அதுக்குத்தான் கூப்பிட்டார்னு தெரியும். பக்கத்தில் நின்ன எங்க வீட்டம்மா, "மோட்டாரு இன்னொரு கோடை தாங்குமா?" என்றாங்க. அதுக்கு என்கிட்ட இன்னைக்கு வரைக்கும் பதில் இல்லை. தாத்தா ராஜ்தூத்தை வித்த கதையைச் சொன்னப்போ நான் ஏன் என் புல்லட்டைத் திரும்பிப் பார்த்தேன்னு அவங்களுக்குச் சொல்லவும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை அதே வண்டியில் ரெண்டு மூட்டை யூரியா ஏற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பாய் வைத்த டைமிங், ஒரே மிதியில் கிளம்பியது. ராஜ்தூத்தில் இன்னும் அந்தப் பித்தளைக் கனெக்டர்தான் ஓடுது. கேபிளே மாத்த மாட்டேன்கிறான், சிக்கனக்காரன். அடுத்து விழுப்புரம் ரோட்டுப் பக்கம் போகும்போது தாத்தாவுக்கு ரெண்டு கனெக்டர் வாங்கிக்கொண்டு போகணும். மாசியில் இன்னொரு ஞாயிறு பேசி வைத்திருக்கிறோம். மேல்மலையனூர் பக்கம், அமாவாசைக் கூட்டம் இல்லாத நாளாப் பார்த்து.