முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மருந்துச் செலவைக் கட்டுப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
கரையான்சாவடி, பூந்தமல்லி,
சென்னை – 600 056.

பெறுநர்:
1. அரசுச் செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.
2. திட்ட இயக்குநர் அவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், சென்னை.
3. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருவள்ளூர் மாவட்டம், திருவள்ளூர்.

நாள்: 10.11.2025
இடம்: மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், திருவள்ளூர்

பொருள்: மருத்துவக் காப்பீடு – முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் – சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின் ஏற்படும் மருந்துச் செலவு – தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் விலையில் மருந்து வழங்கவும், அடுத்த ஒப்பந்தத்தில் உரிய நிபந்தனைகள் சேர்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



கரையான்சாவடியிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் குடியிருப்பவர்கள் நாங்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தையல் கடை வைத்திருப்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் திருமழிசைக்கும் திருப்பெரும்புதூருக்கும் ஷிப்டுக்குப் போய்வருகிறவர்கள் என எங்கள் உறுப்பினர்கள் பலதரப்பட்டவர்கள். எங்களில் பலருடைய வீட்டில் ரேஷன் அட்டைக்கு அடுத்தபடியாகப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது காப்பீட்டு அட்டையைத்தான்.

அந்த அட்டையின் அருமை எங்களுக்குத் தெரியும். 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி 11 முதல் இன்றைய பெயரில் நடந்துவரும் இத்திட்டத்தில் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. தாலியை அடகு வைத்து இருதய அறுவைக்குப் பணம் கட்டிய காலம் எங்கள் தெருக்களில் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் காலம் திரும்ப வேண்டாம் என்பதற்காகவே இம்மனுவை எழுதுகிறோம்.

எங்கள் குறை என்ன

காப்பீட்டு அட்டை மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. மருந்துச் சீட்டோ வீடு வரை கூடவே வருகிறது.

எங்கள் உறுப்பினர் ஒருவர் தையல்காரர். நெஞ்சுவலி வந்து, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் காப்பீட்டின் கீழ் ஸ்டென்ட் வைத்துக்கொண்டார். கையிலிருந்து ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைப் பொதுவாக ஓராண்டாவது விடாமல் சாப்பிட வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் உடன் உண்டு. முதல் இரண்டு மாதம் ஒழுங்காக வாங்கினார். மூன்றாவது மாதம் பள்ளிக் கட்டணம் குறுக்கே வந்தது. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடத் தொடங்கினார். எங்கள் சங்கத்தில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் பார்த்துக் கண்டிக்காமல் போயிருந்தால், அடைப்பு மீண்டும் வந்து, அதே சிகிச்சைக்கு அரசு இரண்டாம் முறை பணம் கட்ட நேர்ந்திருக்கலாம்.

இது அவர் ஒருவரின் கதை அன்று. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர் ஆயுள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டும். வலிப்பு நோயாளியும் சிலவகைப் புற்றுநோயாளிகளும் ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டும். திட்டத்தில் சில நோய்களுக்குத் தொடர்சிகிச்சைத் தொகுப்புகள் இருந்தாலும், மாதாமாதம் கடையில் வாங்கும் மாத்திரை பெரும்பாலானவர்களுக்குச் சொந்தச் செலவுதான். இதனுடன் இணைந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் சேர்க்கைக்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் என்ற அளவோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது. பதினாறாம் நாள் காலையில் நோய் முடிந்துவிடுவதில்லை.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். கிடைப்பது உண்மை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தனியார் மருத்துவமனை கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருக்கிறது; இரண்டு மருந்து கலந்த கூட்டு மாத்திரை எழுதியிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனால் புதிதாக ஓ.பி. சீட்டுப் போட்டு, மருத்துவரைப் பார்த்து, மருந்தை மாற்றி எழுதி வாங்க வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலி போகிறது. மாற்றி எழுதிய மாத்திரை அதேதானா என்ற பயம் வேறு. கடைசியில் தெருமுனை மருந்துக்கடைக்கே போகிறார்கள்.

ஒரே அரசு, இரண்டு விலை

மருந்தை மலிவாக வாங்குவது எப்படி என்று இந்தியாவுக்கே சொல்லிக்கொடுத்தது தமிழ்நாடு. 1994 ஜூலையில் பதிவு செய்யப்பட்டு, 1995 ஜனவரி முதல் இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தேவையான மருந்துகளின் பட்டியலை முதலில் முடிவு செய்கிறது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர் விட்டு உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்குகிறது. மாவட்டக் கிடங்குகளில் சேமிக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்துக் கணக்கு வைக்கிறது. ஆய்வகச் சோதனையில் தேறாத மருந்து நோயாளியிடம் போகக்கூடாது என்பது அதன் விதி. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த ஏற்பாட்டைத்தான் முன்மாதிரியாகக் கொண்டது.

ஆனால் அதே அரசு காப்பீட்டின் வழியாகப் பணம் கட்டும்போது மருந்தின் விலை கண்ணில் படுவதே இல்லை. அறை, அறுவை, பரிசோதனை, மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகுப்புத் தொகை. அதற்குள் எந்த மருந்து என்ன விலைக்குப் போனது என்று நோயாளிக்கும் தெரியாது. "இது திட்டத்தில் வராது, வெளியே வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்று சீட்டு நீட்டப்பட்டால் எதிர்க்கேள்வி கேட்க எங்களிடம் எந்தத் தாளும் இல்லை. எல்லா மருத்துவமனைகளும் இப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்க வழி இல்லாத இடத்தில் தவறு எளிதாகிவிடுகிறது என்றுதான் சொல்கிறோம்.

ஒரு கை மொத்தமாக மலிவாக வாங்குகிறது; மறு கை கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுகிறது. இரண்டு கைகளையும் இணைத்துவிட்டால் எங்கள் கோரிக்கைகளில் பாதி நிறைவேறிவிடும்.

விலைக் கட்டுப்பாடு மட்டும் போதாதது ஏன்

2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள 384 மருந்துகளுக்கு உச்ச விலை உண்டு. ஆனால் அந்த உச்ச விலை உற்பத்திச் செலவிலிருந்து கணக்கிடப்படுவது அன்று. சந்தையில் 1 சதவீதத்துக்குக் குறையாத பங்குள்ள கம்பெனிகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி பார்த்து, அதன்மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். சந்தை விலை கூடுதலாக இருந்தால் உச்ச விலையும் கூடுதலாகவே அமையும். பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை விலையேற்றிக்கொள்ளவும் அனுமதி உண்டு.

மனம் வைத்தால் குறைக்க முடியும் என்பதற்கும் சான்று உள்ளது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வந்தது. 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபம் 30 சதவீதத்துக்குள் அடக்கப்பட்டது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் புதிய வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் முதலில் மறுத்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்த மறுப்பை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்ததால் மலிவு விலை மாற்று மருந்து இன்றும் கிடைக்கிறது. அமெரிக்காவிலேகூட முதியோருக்கான மெடிகேர் காப்பீடு மருந்துக் கம்பெனிகளுடன் விலை பேச 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. 2022-இல் சட்டம் மாற்றப்பட்டு, முதல் 10 மருந்துகளுக்குப் பேசி முடித்த விலை 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பணம் கட்டுகிறவர் விலை கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை அங்கேயும் காலம் கடந்துதான் ஒப்புக்கொண்டார்கள்.

தொழிற்பேட்டையிலிருந்து வெளியே வருகிறவர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிக்கே உரிய ஒரு குறையைத் தனியே சொல்ல வேண்டும். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. அவர் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுவதால், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள்கூட இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கிடைக்கின்றன. ஒப்பந்தம் முடிந்து வேலை போனால் சிறிது காலத்தில் அந்த உரிமையும் போகிறது. முறையாக ஓய்வுபெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தொடரலாம். இடையிலேயே கழற்றிவிடப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. அவர் காப்பீட்டு அட்டைக்கு மாறும்போது அறுவைச் சிகிச்சைக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது, அன்றாட மாத்திரை கைவிட்டுப் போகிறது.

எங்கள் கோரிக்கைகள்

2022 ஜனவரி 11 முதல் ஐந்தாண்டுக்குப் போடப்பட்ட இப்போதைய காப்பீட்டு ஒப்பந்தம் முடிவை நெருங்குகிறது. அடுத்த டெண்டர் நிபந்தனைகளை எழுதும் இந்த நேரமே சரியான நேரம் எனக் கருதிக் கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம்.

அரசுச் செயலாளர் மற்றும் திட்ட இயக்குநர் அவர்களிடம்:

1. ஸ்டென்ட், உறுப்பு மாற்று, புற்றுநோய், வலிப்பு போன்ற நீண்டகாலச் சிகிச்சைகளுக்கு, வீடு திரும்பிய பின் குறைந்தது 12 மாதங்களுக்கான மருந்தும் காப்பீட்டின் பகுதி என்று அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.

2. அம்மருந்துகளை மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் விலையில் வாங்கி, 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்கள் வழியாக, காப்பீட்டு அட்டையைக் காட்டினால் பணமின்றி வழங்க வேண்டும். நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வழியாக வீட்டிலேயே கொடுக்கலாம்.

3. தொகுப்புத் தொகையை நிர்ணயிக்கும்போது மருந்துக்கும் உபகரணங்களுக்கும் கழகத்தின் விலையை அடிப்படையாகக் கொண்டு, அப்பகுதியைத் தனியே காட்ட வேண்டும். வீடு திரும்பும்போது, பயன்படுத்திய மருந்துகளின் பட்டியலை நோயாளியிடம் தர வேண்டும்.

4. உள்நோயாளியை வெளியே மருந்து வாங்கச் சொன்னால், ரசீதைக் காட்டிய 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தந்து, அதை மருத்துவமனைக்குச் சேர வேண்டிய தொகையில் கழிக்க வேண்டும்.

5. திட்டத்தில் சேர்ந்த எல்லா மருத்துவமனைகளும் டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் மூலப்பெயரைத் தெளிவான எழுத்தில் எழுத வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த மூலப்பெயர் விதி அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. மலிவு மருந்தின் தரம் பற்றி மருத்துவர்கள் எழுப்பிய ஐயத்தை நாங்கள் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆய்வகச் சோதனைக்கு உட்பட்ட கழக மருந்துகளுக்காவது இவ்விதியை ஒப்பந்த நிபந்தனையாக்கலாம்.

6. மருத்துவமனைக்குள் உள்ள மருந்துக்கடையிலேயே வாங்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்துவது குறித்துக் கொள்கை வகுக்கும் பொறுப்பை 2025 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களிடம் விட்டுள்ளது. அக்கொள்கையைத் தமிழ்நாடு விரைந்து வகுக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களிடம்:

7. பூந்தமல்லி, ஆவடிப் பகுதிகளின் அரசு மருத்துவமனைகளில் மருந்து இருப்புப் பலகையை அன்றாடம் எழுதவும், மருந்து இல்லாவிட்டால் "இருப்பில் இல்லை" என்று முத்திரையிட்ட சீட்டுத் தரவும் உத்தரவிட வேண்டும். ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக மாலை நேரத்திலும் மருந்து வழங்க வேண்டும்.

8. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு முற்றிலும் நீக்கப்பட்டது. அந்தக் குறைவு கடை ரசீதில் தெரிகிறதா என மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழியாகச் சோதிக்க வேண்டும்.

9. இ.எஸ்.ஐ. உரிமை இழந்த தொழிலாளர்களைக் காப்பீட்டு அட்டையில் சேர்க்க திருமழிசையில் சிறப்பு முகாம் நடத்த வேண்டும். வருமானச் சான்றுக்கு ஒருமுறை, அட்டைக்கு ஒருமுறை எனத் திருவள்ளூர் வரை அலையும் நிலை தவிர்க்கப்பட வேண்டும்.

10. அட்டைதாரர் பிரதிநிதிகள் இருவரையாவது சேர்த்து, காப்பீட்டு மருந்துச் செலவைக் கண்காணிக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் மாவட்டக் குழு அமைக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி எழும். நாங்கள் கேட்கும் மருந்துகளில் பெரும்பாலானவை காப்புரிமைக் காலம் முடிந்த, பல கம்பெனிகள் தயாரிக்கும் மருந்துகள். மொத்தக் கொள்முதலில் விலை வெகுவாகக் குறைபவை. ஓராண்டு மாத்திரையைக் கொடுக்காமல் மிச்சப்படுத்தும் பணத்தை, அடைத்துப்போன ஸ்டென்டுக்கும் பழுதான மாற்றுச் சிறுநீரகத்துக்கும் மறுபடி கட்டுவது சிக்கனம் ஆகாது.

ஆகவே இம்மனுவைப் பரிசீலித்து, எடுக்கப்படும் நடவடிக்கையை 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அழைத்தால் நேரில் வந்து விளக்கவும், உறுப்பினர்களின் மருந்துச் சீட்டுகளையும் ரசீதுகளையும் முன்வைக்கவும் ஆயத்தமாக உள்ளோம். அந்தத் தையல்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்றார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர் / செயலாளர் / பொருளாளர்
குடியிருப்போர் நலச் சங்கம், கரையான்சாவடி

இணைப்பு:
1. உறுப்பினர்களின் கையொப்பப் படிவங்கள்
2. டிஸ்சார்ஜ் சீட்டுகள், மருந்துக்கடை ரசீதுகளின் நகல்கள் (பெயர் மறைக்கப்பட்டவை)

நகல்:
1. மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சென்னை
2. சட்டமன்ற உறுப்பினர், பூந்தமல்லி தொகுதி
3. ஆணையர், பூந்தமல்லி நகராட்சி