பிளாஸ்டிக்குக்குத் துரு ஏற்றுகிறவர்கள்

அரை மணி நேரத்துக்கு முன்புதான் அடித்த பச்சை வண்ணம். பட்டறையை விட்டு இன்றுதான் வெளியே வந்த வண்டிபோல் மின்னுகிறது. மாடல் கட்டுகிறவர் அதன் மேல் வெதுவெதுப்பான தண்ணீரைத் தூரிகையால் தடவி ஒரு நிமிடம் விட்டுவிடுகிறார். பிறகு முடி தேய்ந்த பழைய டூத்பிரஷை எடுத்து முழங்கால் மூட்டின் விளிம்பில் மெல்லக் குத்துகிறார். முதலில் ஒன்றும் நடப்பதில்லை. ஐந்தாவது, ஆறாவது குத்தில் பச்சை கடுகளவு பெயர்கிறது. அடியில் செம்பழுப்பு தெரிகிறது. இன்னும் இரண்டு குத்து, கடுகு மிளகாகிறது. அத்துடன் கையை எடுத்துவிட்டு அடுத்த மூட்டுக்குப் போகிறார். ஆசைப்பட்டு இன்னும் குத்தினால் மிளகு புளியங்கொட்டை ஆகிவிடும். அப்புறம் எல்லாவற்றையும் கழுவிவிட்டு முதலிலிருந்து வண்ணம் அடிக்க வேண்டியதுதான்.

உள்ளங்கையில் நிற்கும் அந்த உருவம் ஒரு கவச உடை. முட்டை வடிவ உடல், அதற்கு முளைத்த தடித்த கை கால்கள், உள்ளே ஒரு சிப்பாய். நிஜத்தில் இப்படி ஒன்று எங்கும் இல்லை. கையில் இருப்பது பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக். ஆயிரம் மழைக்காலம் நனைந்தாலும் அதற்குத் துருப் பிடிக்காது. ஆகவே அதன் மேல் தெரியும் ஒவ்வொரு துருப்புள்ளியும் ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து வைத்தது.

இந்தக் கவசத்தைக் கற்பனை செய்தவர் கோ யோகோயாமா என்ற ஜப்பானியக் கலைஞர். 1982-ல் ‘ஹாபி ஜப்பான்’ இதழில் ‘எஸ்.எஃப்.3டி’ என்ற தலைப்பில் ஒரு தொடர் வரத் தொடங்கியது. கதை நடப்பது 29-ஆம் நூற்றாண்டில். அணுப்போரில் அழிந்து, பின் மெல்ல உயிர் திரும்பிய பூமியை வைத்துக்கொள்ள மறுபடியும் ஒரு போர். தொடருக்கு வேண்டிய யந்திரங்களை யோகோயாமா காகிதத்தில் வரைந்ததோடு விடவில்லை. டாங்கி, விமானம், கார் என்று கிடைத்த பிளாஸ்டிக் மாடல் கிட்களின் உதிரிகளை வெட்டி ஒட்டித் தன் கையாலேயே கட்டி, வண்ணம் பூசிப் படம் எடுக்கக் கொடுத்தார். நிட்டோ நிறுவனம் அவற்றை 1/20 அளவில் கிட்களாக வார்த்து விற்றது. பின்னால் பெயர் ‘மஷினென் க்ரீகர்’ என்று மாறியது. ஜெர்மன் சொற்கள், யந்திரப் போர்வீரன் என்று பொருள். இன்று வேவ், ஹசேகாவா நிறுவனங்களின் பெட்டிகளில் அதே முட்டைக் கவசம் வந்துகொண்டிருக்கிறது. யோகோயாமா ஏர்பிரஷை அதிகம் நம்பாமல் தூரிகையால் வண்ணம் பூசுவதில் பேர் போனவர். தூரிகை விட்டுச் செல்லும் தடமே போர்க்களத்தில் அவசரமாகப் பூசப்பட்ட வண்ணம் மாதிரி தெரிகிறது. எட்டு நூற்றாண்டு தள்ளி நடக்கும் கதை. ஆனால் யந்திரங்களோ இரண்டாம் உலகப்போரின் கிழக்கு முனையிலிருந்து இழுத்துவரப்பட்டவை போல் அடிபட்டு நிற்கின்றன. இந்தத் தொடரின் அழகே அதுதான்.

எதிர்காலம் என்றால் சுத்தமாக, வெள்ளை வெளேரென்று இருக்கும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 1968-ல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் கப்பல்கள் அப்படித்தான் இருந்தன. அதற்கு முன்பே, 1965-ல் ஒளிபரப்பான ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்ற பிரிட்டிஷ் பொம்மைத் தொடரில் மாடல் காட்சிகளை அமைத்த டெரெக் மெடிங்ஸ் வேறு பாதையில் போயிருந்தார். காமிராவுக்கு முன் சுத்தமான மாடல் பொம்மையாகவே தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விமானங்களுக்கும் வாகனங்களுக்கும் அழுக்கும் புகையும் எண்ணெய்க் கசிவும் பூசிப் பழசாக்கியே படம் பிடித்தார்.

அந்தப் பழசை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1977-ன் ‘ஸ்டார் வார்ஸ்’. அதன் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுக்கு வேண்டியிருந்தது, பல கை மாறிப் புழங்கிய ஒரு பிரபஞ்சம். லாஸ் ஏஞ்சலிஸின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கில் உட்கார்ந்திருந்த மாடல் கலைஞர்கள் பிளாஸ்டிக் கிட்களை மொத்தமாக வாங்கிப் பிரித்தார்கள். டாங்கியின் சக்கரம், பந்தயக் காரின் எஞ்சின், போர்க்கப்பலின் தளச் சாமான் எல்லாம் ‘மில்லினியம் ஃபால்கன்’ விண்கலத்தின் உடம்பில் ஒட்டிக்கொண்டன. எந்தத் துண்டு எந்த நிறுவனத்தின் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று இன்றும் உட்கார்ந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்த அக்கறையைக் கிறுக்கு என்று தள்ள மனம் வராது. சுவடியில் அழிந்த எழுத்தை மீட்கிறவர்களின் பொறுமை அது.

அதே படத்தில் துருவின் பெருமையெல்லாம் சேர்ந்தது ‘சாண்ட்கிராலர்’ வண்டிக்கு. பாலைவனத்தில் ஊர்ந்து, பழைய ரோபோக்களைப் பொறுக்கி விற்கும் ஜாவாக்களின் நகரும் கிடங்கு அது. முழுக்கச் செம்பழுப்பு. 1976-ல் துனிசியாவில் அதன் கீழ்ப்பகுதியை மட்டும் ஆள் உயரத்தைத் தாண்டி நிஜ அளவில் கட்டினார்கள், மற்றதெல்லாம் மாடல். மாடல்காரர்கள் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். வறண்ட பாலையில் இரும்பு இவ்வளவு துருப் பிடிக்குமா? கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது. அந்தக் கிரகத்தில் காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுத்துப் பிழைக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். ஈரம் இருக்கிற காற்று என்றால் துருவுக்கு வழி உண்டு.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் தூரிகையை எடுப்பவர்களின் வேலை பார்த்த உடனே தெரிந்துவிடும். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். வெற்றிடத்தில் இரண்டும் கிடையாது. எங்கும் இறங்காமல் விண்வெளியிலேயே சுற்றும் கப்பலுக்குத் துரு ஏற்றினால் அது பொய். வெளுத்த வண்ணம், துகள் தாக்கிய தழும்பு, எஞ்சின் வாயில் கருகல் என்று அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. அலுமினியத்துக்கும் செந்துரு வராது, வெள்ளைப் பூஞ்சணம் போலத்தான் பொடி கிளம்பும். ஆக, ஒரு கப்பலின் வயிற்றில் துரு தெரிந்தால், அது எங்கோ மழை பெய்கிற தரையில் நெடுநாள் நின்றிருக்கிறது என்று பார்ப்பவர் படித்துக்கொள்ளலாம். கதையை யாரும் சொல்லத் தேவையில்லை.

தண்ணீர் எங்கே தேங்கும்? அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தட்டையான மேல்தளத்தின் மூலை, பற்றவைத்த இணைப்பு, போல்ட் தலையைச் சுற்றி, கதவின் அடி விளிம்பு. சிப்பாய் ஏறி இறங்கக் கால் வைக்கும் இடத்தில் வண்ணம் தேயும், ஆனால் நாள்தோறும் பூட்ஸ் உரசுவதால் துரு தங்காது. வெறும் எஃகு பளபளக்கும். அந்தப் பளபளப்புக்கு மெத்தென்ற பென்சில் முனையை உரசினாலே போதும். அதிகம் சூடாகும் புகைபோக்கி முதலில் துருவேறும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைப்பதால், வண்ணத்துக்கு அடியில் புகுந்து அதைக் கொப்புளமாகத் தூக்கி உடைத்துவிடும். உடைந்த இடத்தின் நடுவில் இருப்பது பழைய துரு, கரும்பழுப்பு. ஓரத்தில் போன மழைக்குக் கிளம்பியது, ஆரஞ்சு. ஒரே பழுப்பை எல்லா இடத்திலும் அப்பினால் சாக்லேட் சிந்தியது மாதிரி இருக்குமே தவிரத் துரு மாதிரி இருக்காது.

டூத்பிரஷ் வித்தைக்குக் காரணமான பொருள், கடையில் கிடைக்கும் சாதாரண ஹேர்ஸ்பிரே. முதலில் துரு நிறங்களை லாக்கர் வகை வண்ணத்தில் அடித்துக் காயவிட வேண்டும். அதன் மேல் ஹேர்ஸ்பிரே இரண்டு பூச்சு. அதற்கும் மேல், தண்ணீரில் கரையும் வகை அக்ரிலிக்கில் கவசத்தின் நிறம். தண்ணீர் பட்டதும் நடுவிலிருக்கும் ஹேர்ஸ்பிரே இளகி மேல் வண்ணத்தை விட்டுவிடும். வண்ணத்துக்கு அடியிலிருந்து துரு கிளம்புகிற அதே வரிசை. மேலே பழுப்புப் புள்ளி வைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு உடனே தெரியும். ஹேர்ஸ்பிரேக்கு மூத்தது உப்பு முறை. துரு நிறத்தின் மேல் தண்ணீர் தெளித்து, தூளுப்பும் கல்லுப்பும் கலந்து தூவி, காய்ந்ததும் வண்ணம் அடித்து, உப்பை விரலால் தேய்த்து உதிர்ப்பார்கள். உப்பு ஒட்டியிருந்த இடமெல்லாம் செதில் செதிலாகத் துரு. கைவிடப்பட்ட யந்திரத்துக்கு இன்னும் இதைவிட நல்ல முறை இல்லை. சின்னக் கீறல்களுக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைப் பிய்த்து, வண்ணத்தில் தொட்டு, காகிதத்தில் ஒற்றிவிட்டு விளிம்பில் லேசாகத் தட்டினால் ஆயிற்று.

எந்த முறையானாலும் கணக்குத் தவறினால் மாயம் கலைந்துவிடும். 1/20 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 2 சென்டிமீட்டர். பெயர்ந்த வண்ணத்துக்குச் சரியான அளவு. அதே ஒரு மில்லிமீட்டர் 1/72 அளவில் 7.2 சென்டிமீட்டர் ஆகிறது. 2017-ல் பண்டாய் வெளியிட்ட பெரிய ஃபால்கன் கிட் இந்த அளவுதான். ஜப்பானில் 1980-ல் வந்த முதல் குண்டம் ரோபோ கிட்டின் 1/144 அளவில் அது 14.4 சென்டிமீட்டர். தூரிகை நுனி தொட்ட ஒரு புள்ளி அங்கே ஒரு பெரிய காயம்! சின்ன அளவு மாடலில் கீறலை வரைவதைவிட, வண்ணத்தை அங்கங்கே வெளுக்கவிட்டு நிழலாகச் சொல்வது நல்லது.

கடைசியில் வருவது ஒழுகல். துருவைத் தொட்டு மழைநீர் கீழே இறங்கும்போது விடும் கோடு. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் பெயின்ட்டை அட்டையில் பிதுக்கி ஒரு மணி நேரம் வைத்தால் அதிலிருக்கும் எண்ணெயை அட்டை குடித்துவிடும், பளபளப்பு குறையும். பல்குச்சியால் போல்ட் தலைக்குக் கீழே ஒரு பொட்டு. டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, பிறகு தூரிகையைத் துடைத்துவிட்டு இன்னொரு இழுப்பு. பொட்டு கோடாகி, கோடு சாயையாகி, கடைசியில் அங்கே இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்வரை இழுக்க வேண்டும். அந்தச் சந்தேகம் வந்ததென்றால் வேலை சரி.

இதற்குப் பெரும்பாலும் எடுக்கும் நிறம் ‘பர்ன்ட் சியன்னா’. இத்தாலியின் சியன்னா நகரத்தின் பெயர் கொண்ட அந்த மண்ணுக்கு நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடு. சுட்டால் செம்மை ஏறும். நம் கோயில் மதிலில் சுண்ணாம்புப் பட்டைக்குப் பக்கத்தில் அடிக்கும் காவியும் அந்தக் குடும்பம்தான். துருவும் இரும்பு ஆக்சைடுதான். பிளாஸ்டிக் மேல் பூசப்படுவது துருவின் நிறம் மட்டுமல்ல, ஏறக்குறைய துருவேதான். இந்தக் கைத்தொழிலில் மனம் மிகவும் நெகிழும் இடம் இது.

இத்தனை உத்திகள் கைவசம் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மாடலில் காட்டிவிடும் ஆசை வரும். போட்டி மேசைகளில் பாதிக் கவசங்கள் கடலடியில் நூறு வருடம் கிடந்தவை போல் நிற்பது அதனால்தான். இன்னும் சண்டைக்குப் போகிற யந்திரம் என்றால் யாரோ அதை நாள்தோறும் துடைக்கிறார்கள், எண்ணெய் விடுகிறார்கள், பெயர்ந்த இடத்தில் கைக்குக் கிடைத்த வண்ணத்தைப் பூசுகிறார்கள். சற்றே நிறம் மாறிய அந்த ஒட்டுப் பூச்சு ஒன்று, பத்துத் துருத் தழும்புகளைவிட அதிகம் சொல்லும். துரு நாலைந்து இடத்தில் போதும். மீதிப் பரப்பை வெறுமனே விட்டுவிடுங்கள்.

முதல் கிட் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் வீட்டு இரும்புக் கேட்டின் அடிப்பகுதியையும், மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயின் தாங்கியையும் கிட்டப் போய் நாலைந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது மேசை மேல் கிட்டின் பெட்டிப் படத்தைவிட அந்தப் படங்கள் உதவும். லாக்கர் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், முகமூடி கட்டாயம். முதல் முயற்சியிலேயே ஹேர்ஸ்பிரேயை மாடலில் அடிக்க வேண்டாம். ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் கரண்டி வாங்கி, முதல் பத்துத் துருவை அவற்றின் முதுகில் ஏற்றிப் பாருங்கள்.