விடுதலைக்குப் பிறகு எங்கே?



வெசாக்குக்கும் சுதந்திர தினத்துக்கும் பொது மன்னிப்பில் கைதிகள் வெளியே வரும் படங்களைப் பத்திரிகையில் பார்க்கிறோம். அடுத்த வாரம் அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறை எடுக்க அடையாள அட்டைப் பிரதி, முற்பணம், தெரிந்தவரின் சிபாரிசு எல்லாம் வேண்டும். வேலைக்குப் போனால் கிராம சேவகர் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் கேட்பார்கள். பல வருடம் வெலிக்கடைச் சிறையில் இருந்தவரிடம் இவற்றில் எது இருக்கும்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பெல்ஜியத்தின் மெக்கலென் நகரில் 2019இல் சிறிய இடைக்கால இல்லம் ஒன்றைத் திறந்தார்கள். தண்டனை முடியும் தறுவாயில் உள்ளவர்கள், ஒரே நேரத்தில் பதினைந்து பேரளவில், அங்கே தங்கி, தாங்களே சமைத்து, வேலை தேடி வெளியுலகுக்குப் பழகுகிறார்கள். நமது 1999ஆம் ஆண்டுச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் சிறைக்குப் போகாமலிருக்க வழி காட்டியது. சிறையிலிருந்து வருபவருக்கும் ஒரு வழி வேண்டாமா?

பத்துப் பேருக்கு ஒரு வீடு, தமிழும் சிங்களமும் தெரிந்த ஓர் உத்தியோகத்தர், அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள். இவ்வளவுதான் கேட்கிறேன். கொட்டாஞ்சேனைக் கோயில்களும் தேவாலயங்களும் இடம் தர முன்வந்தால், சிறைச்சாலைத் திணைக்களத்திடம் துணிந்து பேசலாம். அந்த வீடு எங்கள் ஒழுங்கையிலேயே வந்தாலும் எனக்குச் சம்மதம்.

வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13