விரலுக்கு ஈடு உண்டா?

அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டையானாலும் சரி, சென்னைப் பட்டணமானாலும் சரி. மரப்பட்டறை மின்சார ரம்பத்தின் குணம் ஒன்றுதான். அறுத்த பிளவு சுருங்கி ரம்பத்தைக் கவ்வினால், பலகை தொழிலாளியை நோக்கி எகிறி அடிக்கும். பலகையைப் பிடித்த கை ரம்பத்தில் சிக்கும். கண் இமைக்கும் நேரம் போதும்!

இதைத் தடுப்பது எது? ரம்பத்துக்குப் பின்னால் நிற்கும் சிறு இரும்புத் தகடு! அது பிளவை மூட விடாது. பலகையைக் கையால் தள்ளாமல் குச்சியால் தள்ளலாம். "வேலை தாமதமாகிறது" என்று தகட்டைக் கழற்றி வைப்பது பெருந்தவறு.

கட்டை விரல் போனால், சம்பாதிக்கும் திறனில் 100-க்கு 30 பங்கு போனதாக 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் கணக்கிட்டது. உளி பிடிக்க விரல் இல்லாத தச்சருக்கு மீதி 70 பங்கு எங்கே இருக்கிறது?

நஷ்ட ஈடு விரலைத் தராது. தகடு விரலைக் காக்கும். பட்டறை முதலாளிகளே, கழற்றிய தகட்டை இன்றே மாட்டுங்கள்!